செல் தன் டி.என்.ஏ-வை இரண்டாம் தடவை ஏன் நகலெடுப்பதில்லை?

மனித குரோமோசோம்களில் முதலாவதுதான் மிக நீளமானது. அதில் ஏறக்குறைய 24.9 கோடி கார இணைகள், அதாவது டி.என்.ஏ-வின் எழுத்து ஜோடிகள், இருக்கின்றன. டி.என்.ஏ-வை நகலெடுக்கும் புரதக் கூட்டம் மனித செல்லில் நிமிடத்துக்கு 2,000 இணைகளைக் கடந்தாலே நல்ல வேகம். ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஓடினால்கூட, இந்த ஒரு குரோமோசோமை முடிக்க 43 நாள் பிடிக்கும். ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் மனித செல்லோ 46 குரோமோசோம்களையும் சுமார் 8 மணி நேரத்தில் நகலெடுத்துவிடுகிறது.

வேகத்தைக் கூட்டி செல் இதைச் சாதிக்கவில்லை. தொடங்கும் இடங்களைக் கூட்டிக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் 30,000 முதல் 50,000 இடங்களில் நகலெடுப்பு தொடங்குகிறது. இவற்றைத் தோற்றப்புள்ளிகள் என்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு கவைகள், அதாவது இழைகளைப் பிரித்து நகலெடுத்தபடியே நகரும் முனைகள், எதிரெதிர்த் திசையில் புறப்பட்டுப் போய், பக்கத்துப் புள்ளியிலிருந்து வரும் கவையைச் சந்தித்ததும் நின்றுவிடும்.

நேரப் பிரச்சினை இதோடு தீர்ந்தது, ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று முளைத்தது. எந்தப் புள்ளி தொடங்கிவிட்டது, எது இன்னும் தொடங்கவில்லை என்று ஐம்பதாயிரம் இடங்களுக்கும் கணக்கு வைக்க செல்லுக்குள் யாரும் இல்லை. ஏற்கெனவே நகலெடுத்த ஒரு துண்டு அதே சுற்றில் மறுபடி நகலெடுக்கப்பட்டால் அந்த இடத்தில் மூன்று, நான்கு பிரதிகள் உண்டாகும். பின்னால் புறப்பட்ட கவை முன்னால் போன கவையின் முதுகில் போய் இடிக்கும், டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளும் அறுந்துபோகும். ஒரு புள்ளி தவறுதலாக இரண்டாம் தடவை தொடங்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல துல்லியம்போலத்தான் இருக்கிறது. ஆனால் ஐம்பதாயிரம் புள்ளிகளுக்கு அது ஒவ்வொரு செல் பிரிதலிலும் ஐந்து விபத்து. நம் எலும்பு மஜ்ஜை விநாடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்களைத் தயாரித்து அனுப்புகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் துல்லியம் கொஞ்சமும் போதாது.

பள்ளிப் பாடப்புத்தகங்கள் டி.என்.ஏ பாலிமரேஸ் எப்படி எழுத்துக்கு எழுத்து நகலெடுக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. அந்த வேலை எப்போது தொடங்கலாம், ஏன் இரண்டாம் தடவை கூடாது என்பதற்கு அவை ஒரு பத்தி ஒதுக்கினாலே அதிகம். என்னைக் கேட்டால் இரண்டில் சுவாரசியமானது பின்னதுதான்.

செல்லின் வாழ்க்கையில் டி.என்.ஏ தயாரிப்புக்கென்று தனி நேரம் உண்டு என்பதே 1950-களின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. லண்டனில் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் ஒருவகை அவரைச் செடியின் வேர்நுனிகளுக்குக் கதிரியக்க பாஸ்பரஸைக் கொடுத்து, அது எந்தச் செல்லில் எப்போது டி.என்.ஏ-வில் சேர்கிறது என்று பார்த்தார்கள். செல் பிரிந்து முடிந்ததும் ஓர் இடைவெளி, பிறகு டி.என்.ஏ தயாரிப்பு, பிறகு இன்னோர் இடைவெளி, அதன்பின் அடுத்த பிரிதல். ஜி1, எஸ், ஜி2, எம் என்ற நான்கு கட்டங்கள் இப்படித்தான் வந்தன.

எஸ் கட்டத்தைத் தொடங்கச் சொல்வது யார்? 1970-இல் பி. என். ராவும் ராபர்ட் ஜான்சனும் வெளியிட்ட சோதனைகள் இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டன. ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல் வகையை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு கட்டங்களில் இருந்த இரண்டு செல்களை, வீரியம் நீக்கிய செண்டாய் வைரஸின் உதவியால் ஒன்றோடொன்று ஒட்டினார்கள். இப்போது ஒரே பைக்குள் இரண்டு உட்கருக்கள், இரண்டையும் சூழ்ந்திருப்பது ஒரே திரவம். எஸ் கட்டச் செல்லோடு ஜி1 செல்லை ஒட்டியபோது, ஜி1 உட்கரு தன் முறை வருவதற்கு முன்பே நகலெடுக்கத் தொடங்கிவிட்டது. ஆக, எஸ் கட்டச் செல்லின் திரவத்தில் ‘தொடங்கு’ என்று சொல்லும் ஏதோ ஒன்று மிதக்கிறது. எஸ் செல்லோடு ஜி2 செல்லை ஒட்டினால்? ஜி2 உட்கரு அசையவே இல்லை. அதே திரவம், அதே ‘தொடங்கு’ ஆணை, பக்கத்திலேயே இன்னோர் உட்கரு சுறுசுறுப்பாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் இது செவிசாய்க்கவில்லை. பக்கத்து உட்கருவின் வேலை முடியும்வரை காத்திருந்து, இரண்டும் சேர்ந்தே பிரிதலுக்குள் நுழைந்தன.

இந்த இரண்டாவது முடிவில்தான் விஷயம் இருக்கிறது. ஜி2 உட்கரு தொடங்காததற்குக் காரணம் திரவத்தில் மிதக்கும் தடைப்பொருள் என்றால், அது பக்கத்து எஸ் உட்கருவையும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அப்படியானால் வித்தியாசம் டி.என்.ஏ-வின் மேலேயே இருக்கிறது. ஜி1 டி.என்.ஏ-வில் ஏதோ ஒன்று இருக்கிறது, நகலெடுத்து முடித்த டி.என்.ஏ-வில் அது இல்லை.

அந்த ‘ஏதோ ஒன்றுக்கு’ உரிமம் என்று பெயர் வைத்தவர்கள் பிரிட்டனின் ஜூலியன் ப்ளோவும் ரான் லாஸ்கியும். அவர்கள் பயன்படுத்தியது ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டை. முட்டைகளை நசுக்கி எடுத்த சாற்றில் தவளையின் விந்தணு டி.என்.ஏ-வைப் போட்டால், அதைச் சுற்றி உட்கரு உறை உருவாகி, முழு டி.என்.ஏ-வும் சோதனைக் குழாயிலேயே ஒரு தடவை நகலெடுக்கப்படும். அத்தோடு நின்றுவிடும். அந்த உட்கருக்களை எடுத்துப் புதிய சாற்றில் போட்டாலும் இரண்டாம் தடவை நடக்காது. ஆனால் உட்கரு உறையில் ஓட்டைகள் போட்டுவிட்டுப் புதிய சாற்றில் போட்டால் நடக்கும். 1988-இல் இதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் இது: உரிமம் தரும் பொருள் உறையைத் தாண்டி உள்ளே போக முடியாதது. செல் பிரியும்போது உறை கலைவதால் அது டி.என்.ஏ-வில் ஒட்டிக்கொள்கிறது. உறை மீண்டும் மூடிய பிறகு உள்ளே மாட்டியதை மட்டும் வைத்துத்தான் ஒரு சுற்று ஓட முடியும், ஓடியதும் உரிமம் செலவாகிவிடும்.

உறையைப் பற்றிய பாதி பின்னாளில் நிற்கவில்லை. ஈஸ்ட் செல் பிரியும்போது உறையைக் கலைப்பதே கிடையாது, அதுவும் ஒரே ஒரு தடவைதான் நகலெடுக்கிறது. ‘முன்கூட்டியே ஒட்டும், ஓடினால் செலவாகும்’ என்ற மற்ற பாதி அப்படியே நின்றது. அடுத்த இருபது ஆண்டு உழைப்பும் அந்த உரிமம் எந்தப் புரதம் என்று தேடுவதில்தான் போனது.

விடை ஒரு மோதிரம். எம்.சி.எம் என்ற ஆறு புரதங்கள் சேர்ந்த வளையம் அது. பிக் டையின் ஆய்வுக்குழு 1984-இலேயே ஈஸ்டில் இந்த மரபணுக்களில் சிலவற்றைக் கண்டிருந்தது, அவை உரிமம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1992-இல் ஸ்டீபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மனும் தோற்றப்புள்ளியில் உட்காரும் ஓ.ஆர்.சி என்ற புரதத் தொகுதியைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகு படம் தெளிவாகத் தொடங்கியது. ஓ.ஆர்.சி முதலில் டி.என்.ஏ-வின் மேல் அமர்கிறது. சி.டி.சி6 என்ற புரதம் அதோடு சேர்கிறது. சி.டி.டி1 என்ற இன்னொன்று எம்.சி.எம் வளையத்தைக் கையோடு அழைத்துவருகிறது. வளையத்தில் ஓர் இடம் திறந்து, டி.என்.ஏ அதற்குள் நழுவி, வளையம் மூடிக்கொள்கிறது. பிறகு இரண்டாவது வளையம் ஏறி, முதலாவதோடு முகத்துக்கு முகம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வளையங்களும் இழைகளைப் பிரிக்காமல், சுருளை அப்படியே சுற்றிப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கும். உரிமம் என்பது இந்த இரட்டை வளையம்தான். எம்.சி.எம் உண்மையில் டி.என்.ஏ இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் என்ற இயந்திரம். அதை ஏற்றிவைத்துவிட்டு, ஓடவிடாமல் நிறுத்திவைத்திருக்கிறது செல்.

ஓடச் செய்வது சி.டி.கே, டி.டி.கே என்ற இரண்டு கைனேஸ்கள், அதாவது மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள். டி.டி.கே நேராக எம்.சி.எம் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. சி.டி.கே ஈஸ்டில் எஸ்.எல்.டி2, எஸ்.எல்.டி3 என்ற இரண்டு புரதங்களின் மேல் ஒட்டினால் போதும் என்று 2007-இல் தெரிந்தது. இதன் பலனாக இன்னும் சில புரதங்கள் வந்து சேர்ந்து, வளையங்கள் உயிர்பெறுகின்றன. இரட்டை வளையம் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஓர் இழையை மட்டும் பற்றிக்கொண்டு, ஒன்றையொன்று கடந்து எதிர்த்திசைகளில் புறப்படுகிறது. கிளம்பிய இடத்தில் இப்போது எம்.சி.எம் இல்லை. ராவும் ஜான்சனும் கண்ட ஜி2 உட்கருவின் நிலை இதுதான். ஆணை காதில் விழுந்தாலும் ஓட வளையம் இல்லை.

இனி, போன வளையத்தின் இடத்தில் இன்னொன்றை உடனே ஏற்றிவிடாமல் தடுப்பது எது? அதே சி.டி.கே. செல் சுழற்சியின் மொத்தச் சாமர்த்தியமும் இந்த ஒரு ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. எந்த நொதி ‘ஓடு’ என்கிறதோ அதுவே ‘இனி யாருக்கும் உரிமம் கிடையாது’ என்றும் சொல்கிறது. செல் பிரிந்து முடியும் தறுவாயிலும் ஜி1-இன் பெரும்பகுதியிலும் சி.டி.கே-யின் செயல்பாடு மிகக் குறைவு. அப்போது வளையங்கள் ஏறலாம், ஓட முடியாது. எஸ் தொடங்கும்போது சி.டி.கே உயர்கிறது. இப்போது ஏறிய வளையங்கள் ஓடலாம், புதிதாக ஏற முடியாது. ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்புக்கு முன்கூட்டியே வீடு வீடாக டோக்கன் கொடுத்துவிட்டு, விநியோக நாளில் புது டோக்கன் தருவதில்லை என்று வைப்பார்களே, அப்படி. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே நாளில் நடந்தால்தான் ஒரே ஆள் இரண்டு தடவை வரிசையில் நிற்பார். ஐம்பதாயிரம் புள்ளிகளுக்கும் கணக்கு வைக்க ஆள் வேண்டாம், ஒரே ஓர் அளவு ஏறி இறங்கினால் போதும். அந்த அளவை ஏற்றி இறக்கும் சைக்ளின் என்ற புரதத்தை 1982-இல் கடல் முள்ளெலி முட்டைகளில் பார்த்தவர் டிம் ஹன்ட். சி.டி.கே-யை ஈஸ்டில் தேடிப் பிடித்த லீ ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சி.டி.கே உண்மையிலேயே பூட்டுதானா என்று சோதிக்க, பூட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளவு ஈஸ்ட் என்ற வகையில் செல் பிரிதலுக்கான சைக்ளின் மரபணுவை நீக்கியபோது, செல் பிரியாமலேயே எஸ் கட்டத்தைத் திரும்பத் திரும்ப நடத்தி உட்கருவை ஊதிப் பெருக்கிக்கொண்டது. மொட்டு ஈஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் ஜோக்கிம் லீ குழு 2001-இல் செய்தது இன்னும் நுட்பமானது. அங்கே சி.டி.கே மூன்று வழிகளில் பூட்டுகிறது: ஓ.ஆர்.சி-யைப் பாஸ்பேட்டால் முடக்குகிறது, சி.டி.சி6-ஐ அழிக்கிறது, எம்.சி.எம்-ஐ உட்கருவுக்கு வெளியே தள்ளுகிறது. மூன்றில் எதைத் தனியாகக் கழற்றினாலும் மறுநகலெடுப்பு கண்ணில் படவில்லை. மூன்றையும் சேர்த்துக் கழற்றியபோதுதான் செல் தன் டி.என்.ஏ-வை மறுபடி நகலெடுக்கத் தொடங்கியது. அதுகூட முழுசாக முடியவில்லை, செல் தாக்குப்பிடிக்கவும் இல்லை. ஒரு பூட்டு நூற்றில் ஒரு தடவை தவறினாலும், ஒன்றையொன்று சாராத மூன்று பூட்டுகள் சேர்ந்து தவறுவது பத்து லட்சத்தில் ஒரு தடவை. மேலே போட்ட ஐம்பதாயிரம் புள்ளிக் கணக்குக்கு இந்தப் பெருக்கல்தான் பதில்.

விலங்கு செல்கள் இன்னும் இரண்டு பூட்டுகளைச் சேர்த்துக்கொண்டன. ஒன்று ஜெமினின். செல் பிரியும்போது அழியும் புரதங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது 1998-இல் கிடைத்தது இது. எஸ் கட்டத்திலிருந்து சேரத் தொடங்கி, சி.டி.டி1-ஐப் பிடித்துக்கொண்டு வளையம் ஏற்றவிடாமல் செய்யும். செல் பிரியும் தறுவாயில் அழிக்கப்படும், அப்போது சி.டி.டி1 விடுதலை. மற்றொன்று, சி.டி.டி1 அழிக்கப்படும் முறை. நகலெடுப்பு நடக்கும் இடத்தில் பி.சி.என்.ஏ என்ற வளையம் பாலிமரேஸோடு சேர்ந்து ஓடும். சி.டி.டி1 போய் அதில் ஒட்டினால் உடனே ‘அழிக்க வேண்டியது’ என்ற யுபிக்விட்டின் முத்திரை விழும். நகலெடுப்பு நடந்துகொண்டிருப்பதே உரிமம் வழங்குபவரை ஒழித்துக்கட்டுகிறது. தனியாக ஒரு சமிக்ஞை அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் அட்சுஷி மியாவாக்கி குழு 2008-இல் சி.டி.டி1-இன் ஒரு துண்டோடு சிவப்பு ஒளிர்வுப் புரதத்தையும், ஜெமினினின் ஒரு துண்டோடு பச்சையையும் இணைத்தது. இந்தச் செல்களை நுண்ணோக்கியில் விட்டுப் பார்த்தால், பிரிந்து வந்த புது உட்கருக்கள் சிவப்பாகின்றன. எஸ் தொடங்கும் கணத்தில் கொஞ்ச நேரம் இரண்டும் கலந்து மஞ்சள். பிறகு பச்சை. பிரிதல் முடிவதற்குள் பச்சை சட்டென்று மறைந்து, இரண்டு மகள் செல்கள் நிறமில்லாமல் நின்று, மறுபடி சிவப்பாகின்றன. எந்தச் செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய இன்று உலகெங்கும் பயன்படும் முறை இது. அடிப்படையில் அந்தச் சிவப்பும் பச்சையும் உரிமக் கதவு திறந்திருப்பதையும் மூடியிருப்பதையும்தான் காட்டுகின்றன.

எஸ் தொடங்கிவிட்டால் புது வளையம் ஏற்றக் கூடாது என்ற விதி இவ்வளவு கறாராக இருப்பதால், அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. வழியில் ஒரு கவை பழுதான டி.என்.ஏ-வில் மோதி நின்றுபோனால் என்ன செய்வது? எதிரிலிருந்து வரும் கவை அந்த மிச்சத்தை முடித்துவைக்கும். எதிரெதிரே வரும் இரண்டு கவைகளும் நின்றுபோனால் நடுவில் உள்ள பகுதி அம்போ. அங்கே புதிதாக ஒரு வளையத்தை ஏற்ற வழியில்லை, ஏற்றினால் விதி உடையும். ஆகவே செல் முன்யோசனையோடு, தேவைக்குப் பல மடங்கு அதிகமாக வளையங்களை ஜி1-லேயே ஏற்றிவைத்துவிடுகிறது. பெரும்பாலானவை ஓடவே ஓடாது. பக்கத்துக் கவை கடந்துபோகும்போது தள்ளிவிடப்பட்டுப் போய்விடும். எம்.சி.எம் ஏன் இவ்வளவு மிதமிஞ்சி இருக்கிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. 2006-க்கும் 2008-க்கும் இடையே பல குழுக்கள் எம்.சி.எம் அளவைக் குறைத்துப் பார்த்தன. செல்கள் சாதாரணமாகவே வளர்ந்தன. ஹைட்ராக்ஸியூரியாவைக் கொஞ்சமாகக் கொடுத்து கவைகளை மெதுவாக்கியதும் தடுமாறின. ஓடாமல் காத்திருக்கும் இந்த உபரி வளையங்கள் உள்ள இடங்களை உறங்கும் தோற்றப்புள்ளிகள் என்று சொல்கிறார்கள். எம்.சி.எம்4-இல் ஒரு சிறு பிழையோடு பிறந்த எலிகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. பெண் எலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னர் மார்பகப் புற்று வந்தது.

எல்லா இடத்திலும் இந்தக் காப்பு சமமாக இல்லை. மூன்றாம் குரோமோசோமில் எஃப்.எச்.ஐ.டி மரபணு இருக்கும் பகுதி, நகலெடுப்புச் சிரமம் வந்தால் அடிக்கடி உடையும் இடம் என்று பெயர்பெற்றது. நிணநீர் வெள்ளணுக்களில் அந்தப் பகுதியின் நடுவில் நீண்ட தூரத்துக்குத் தோற்றப்புள்ளிகளே இல்லை என்று 2011-இல் தெரிந்தது. வெகுதூரத்திலிருந்து வரும் கவைகள் நேரத்துக்கு வந்துசேராவிட்டால், நகலெடுக்காத துண்டோடேயே செல் பிரியப் போய்விடும்.

எஸ்-க்குள் நுழைவதா வேண்டாமா என்ற முடிவு தனிக்கதை, இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். ஜி1-இன் பிற்பகுதியில் ஓர் எல்லை இருக்கிறது, ஆர்தர் பார்டி 1974-இல் அதைக் குறித்தார். அதைக் கடந்தால் வெளியிலிருந்து வரும் வளர்ச்சி ஆணைகள் நின்றுபோனாலும் செல் எஸ்-க்குள் போய்விடும். அந்த வாசலைக் காப்பது ஆர்.பி என்ற புரதம், அதைத் தட்டித் திறப்பவை சி.டி.கே4, சி.டி.கே6. அவற்றைத் தடுக்கும் பால்போசிக்ளிப் என்ற மாத்திரை 2015-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது, அந்த வகையில் அது முதலாவது.

விதியை வேண்டுமென்றே வளைக்கும் செல்களும் உண்டு. பழ ஈயின் இளம்புழுவுக்கு எச்சில் சுரப்பியில் ஏராளமான புரதம் தேவை. அங்குள்ள செல்கள் பிரிதலைத் தவிர்த்துவிட்டு, எஸ் கட்டத்தைச் சுமார் பத்து தடவை அடுத்தடுத்து நடத்துகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் பக்கம் பக்கமாக ஒட்டி, சாதாரண நுண்ணோக்கியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும் ராட்சத குரோமோசோம்களாகின்றன. கூர்ந்து பார்த்தால் இதிலும் உரிம விதி உடையவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் சி.டி.கே இறங்குகிறது, வளையங்கள் ஏறுகின்றன, பிறகு ஓடுகின்றன. உண்மையிலேயே விதி உடைவது அதே ஈயின் கருமுட்டையைச் சுற்றியுள்ள செல்களில். முட்டை ஓட்டுக்கான மரபணுக்கள் இருக்கும் இடத்தில் மட்டும், மற்ற டி.என்.ஏ எல்லாம் அமைதியாக இருக்க, ஒரு தோற்றப்புள்ளி திரும்பத் திரும்பத் தொடங்கி அந்த மரபணுக்களை அறுபது மடங்குபோலப் பெருக்குகிறது. ஓடு கட்டி முடிந்ததும் அந்தச் செல்கள் இறந்துவிடும். நீண்ட காலம் வாழ வேண்டியிராத செல்தான் இப்படி ஆடலாம்போல.

மனிதரில் உரிமம் வழங்கும் புரதங்கள் பலவீனமானால் என்ன ஆகும் என்பதற்கு மெய்யர்-கோர்லின் நோய்க்குறி ஓர் எடுத்துக்காட்டு. குட்டையான உடல், மிகச் சிறிய காதுகள், முழங்கால் சில்லு இல்லாமை அல்லது மிகச் சிறிதாக இருத்தல் என்பவை அடையாளங்கள். 2011-இல் ஓ.ஆர்.சி-யின் சில பாகங்கள், சி.டி.சி6, சி.டி.டி1 ஆகியவற்றின் மரபணுப் பிழைகள் இதற்குக் காரணம் என்று தெரிந்தது. பின்னர் ஜெமினினின் மரபணுவும் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் அது வேறு மாதிரி. அங்கே அந்தப் பிழை ஜெமினினை அழியாமல் தங்கவைக்கிறது. முன்னவற்றில் உரிமம் வழங்குபவர் பலவீனம், பின்னதில் தடுப்பவர் இடத்தைவிட்டு நகர மறுக்கிறார், விளைவு ஒன்றே.

புற்றுநோயில் தவறு மறுபக்கம் சாய்கிறது. சி.டி.டி1, சி.டி.சி6 பல கட்டிகளில் அளவுக்கு மீறிக் காணப்படுகின்றன. ஈஸ்டில் ஓரிடத்தில் மட்டும் மறுநகலெடுப்பைத் தூண்டினால், அந்தப் பகுதி அருகருகே பிரதிகளாகப் பெருகி நிலைத்துவிடுகிறது என்று ஜோக்கிம் லீ குழு 2010-இல் காட்டியது. கட்டிகளில் சில மரபணுக்கள் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு வழியாக இருக்கலாம்.

இதே பலவீனத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தவும் முயற்சி நடக்கிறது. சாதாரண மனித செல்லில் போதிய வளையங்கள் ஏறாவிட்டால் அது ஜி1-லேயே நின்று காத்திருக்கும். பல புற்றுச் செல்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. குறைந்த உரிமத்தோடேயே எஸ்-க்குள் பாய்ந்து, பாதியில் மாட்டிக்கொண்டு சாகும். எதிர்த் திசையிலும் ஒரு மருந்து வந்தது. பெவோனெடிஸ்டாட் சி.டி.டி1-ஐ அழியவிடாமல் நிறுத்தி, செல்லை மறுநகலெடுப்புக்குள் தள்ளும். தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் நன்றாகவே வேலைசெய்தது. ஆனால் அது தடுக்கும் நொதி சி.டி.டி1-ஐ மட்டுமல்லாமல் ஏகப்பட்ட வேறு புரதங்களின் அழிவையும் கவனிக்கிறது. ஒருவகை எலும்பு மஜ்ஜை நோய்க்கு வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மூன்றாம் கட்டச் சோதனை, 2021-இல் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. டி.டி.கே-யைத் தடுக்கும் மூலக்கூறுகளும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கின்றன. அவை உரிமத்தைத் தொடுவதில்லை. ஏறி உட்கார்ந்த வளையத்தை ஓடவிடாமல் பார்த்துக்கொள்கின்றன.